செக்கடிவிளை ராக்கெட் மன்றத்தின் பதிவேடு

புத்தியைப் பங்கு வைத்த நாளில் செக்கடிவிளைக்காரர்களும் வரிசையில் போய் நின்றார்களாம். மற்ற ஊர்க்காரர்களைப் போல முண்டியடிக்கவில்லை. "நீங்க முன்னால போங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று எல்லோருக்கும் வழிவிட்டார்கள். கடைசியில் பாத்திரத்தை வழித்துக் கொடுத்ததிலும் "இவ்வளவு எதுக்கு?" என்று பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்படிப்பட்ட பெருந்தன்மையான ஊரில் ஒரு ராக்கெட் மன்றம் இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

ராக்கெட் என்றால் நிலாவுக்குப் போகிற ராக்கெட் இல்லை. முழ நீளத்தில் ஓர் அட்டைக் குழாய், மூன்று இறக்கை, அடியில் சொருக ஒரு வெடிமருந்துக் குழாய், மூக்குக்குள் மடித்து வைத்த துணிக்குடை. பொத்தானை அழுத்தினால் மருந்து பற்றி முந்நூறு அடி மேலே போகும். பிறகு குடை விரிந்து அசைந்து அசைந்து கீழே வரும். மற்றவர்கள் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். செக்கடிவிளையில் கடமையாகச் செய்தார்கள்.

மன்றத்தில் நாலு பேர். தலைவர் ஐகோர்ட்துரை மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். எதையும் உரக்கச் சொன்னால் உண்மையாகிவிடும் என்பது தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். தவசிமுத்து பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறவன். பொத்தான் அவன் பொறுப்பு. செல்லக்கனி தையல்கடை வைத்திருக்கிறாள். குடை அவள் கைவேலை. நாலாவது ஆள் நம்முடைய சுயம்புலிங்கம். கருப்பட்டிச் சங்கத்தில் எழுத்தராக இருந்து, எழுதாத நாளில் கை நடுங்கும் அளவுக்கு எழுத்தில் ஊறியவர். பதிவேடு அவரிடம் இருந்தது.

அந்தப் பதிவேட்டை அனுப்பியது மாநில மாதிரி ராக்கெட் சம்மேளனம். கூடவே இருபது அம்சம் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றும், ஒரு கடிதமும் வந்தன. 'எல்லாம் பட்டியல்படி நடக்க வேண்டும். ஒரு ராக்கெட்டின் பதிவு முடியாமல் அடுத்த ராக்கெட்டை ஏவக் கூடாது. ஆவணி கடைசி ஞாயிறு எங்கள் மேற்பார்வையாளர் வருவார். அன்றைக்குள் வெற்றி என்று ஒரு பதிவாவது இல்லையென்றால் மன்றத்தின் அங்கீகாரம் ரத்து.'

அங்கீகாரம் போனால் ஊருக்கு வெளியே தேரி மணற்காட்டில் அவர்கள் ராக்கெட் விடும் செம்மண் பொட்டலும் போய்விடும். முந்திரி நட அந்த மூலையைக் கொடுத்துவிடலாம் என்று ஊர்க்கமிட்டி எப்போதோ முடிவுகட்டி, வாயில் எச்சில் ஊறக் காத்திருந்தது. சுயம்புலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. பதிவேட்டின் கடைசியில் இரண்டு பத்திகள்: தோல்வி, வெற்றி. வெற்றிப் பத்திக்கு அவர் சிவப்பு மையில் தனியாகக் கோடு போட்டு வைத்தார். அதில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கண்ணை மூடினாலும் சரி என்று அவருக்கு இருந்தது.

பட்டியலின் முதல் அம்சமே தெளிவாக இருந்தது. 'ஒவ்வொரு பாகத்தையும் சரிபார்த்து டிக் போடவும்.'

தலைவர் கடையிலிருந்து சிவப்பு பெயிண்ட் கொண்டுவந்தார். மூக்கில் ஒரு டிக், குழாயில் ஒரு டிக், மூன்று இறக்கைக்கும் மும்மூன்று டிக். செல்லக்கனிக்குத்தான் மனசு வரவில்லை.

"புதுத்துணி அண்ணாச்சி. குடையில பெயிண்ட் வேண்டாமே."

"குடை பாகம் இல்லியா?" என்று கேட்டார் சுயம்புலிங்கம்.

"பாகந்தான்."

"அப்போ டிக்கு."

ஈரப் பெயிண்டோடு மடித்து வைத்த குடை ஒட்டிக்கொண்டு சப்பாத்திபோல ஆனது. ராக்கெட் மேலே போன வேகத்திலேயே கடப்பாரையாகத் திரும்பி வந்து, தலைவரின் பிளாஸ்டிக் நாற்காலியில் நடுநாயகமாகக் குத்தி நின்றது. நல்லவேளை, தலைவர் சொற்பொழிவாற்ற எழுந்திருந்தார். சுயம்புலிங்கம் தோல்விப் பத்தியில் எழுதினார்: 'காரணம் இல்லை. எல்லாப் பாகத்திலும் டிக் இருந்தது.'

இரண்டாவது ராக்கெட்டில் இன்னொரு அம்சத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 'ஒருவர் வாசிக்க, மற்றவர் செய்ய வேண்டும். இடையில் வேறு பேச்சு கூடாது.' சுயம்புலிங்கம் வாசித்தார், தவசிமுத்து செய்தான். மேடையில் நட்டிருந்த கம்பியில் ராக்கெட்டைக் கோக்கும்போது அவனுடைய வேட்டி நுனி மாட்டிக்கொண்டது. அவன் பரிதாபமாகப் பார்த்தான். இவர் பட்டியலைப் பார்த்தார். அதில் வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அடுத்து, பொத்தான் பெட்டிக்குச் செல்லவும்" என்று வாசித்தார். தவசிமுத்து கீழ்ப்படிதல் உள்ள பிள்ளை. வேட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அரை டிராயரோடு பெட்டிக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினான். ராக்கெட் ஆறடி போனது. வேட்டி ஏழடி போனது.

"வேட்டி நல்லாப் போச்சுல்லா. அதையாவது வெற்றியில எழுதும் வே" என்றார் தலைவர்.

"வேட்டிக்குத் தனிப் பதிவேடு வேணும் அண்ணாச்சி" என்று சுயம்புலிங்கம் மறுத்துவிட்டார். நேர்மையில் அவரை யாரும் அசைக்க முடியாது. அதுதான் ஊருக்குப் பிடித்த பெரிய சனி.

மூன்றாவது ராக்கெட்டுக்கு எல்லாம் கூடிவந்தபோது பதினோராம் அம்சம் குறுக்கே விழுந்தது. 'ஏவும்போது ராக்கெட்டிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது.' ராக்கெட்டையும் பொத்தான் பெட்டியையும் இணைக்கிற வயரின் நீளமோ ஐந்து மீட்டர்.

"இதுல என்ன இருக்கு? பின்னால தள்ளி நில்லுங்க" என்றார் தலைவர்.

நாலு பேரும் பின்னால் நடந்தார்கள். தவசிமுத்து கையில் பெட்டி. வயர் விறைத்தது, ஏவுமேடை சாய்ந்து எழுந்து மணலில் இழுபட்டுக் கூடவே வந்தது. செல்லக்கனியின் தையல் இஞ்சு டேப்பை வைத்து சுயம்புலிங்கம் அளந்தார். ஐந்து மீட்டர். இன்னும் தள்ளிப் போனார்கள். அளந்தார். ஐந்து மீட்டர். உச்சி வெயில் ஏறுகிறவரை இப்படியே தள்ளித் தள்ளி பஸ் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"நாம எங்க போனாலும் பின்னாலயே வருதே அண்ணாச்சி" என்றான் தவசிமுத்து. அவன் கண் கலங்கியிருந்தது. "வாயில்லா ஜீவன் மாரி."

"பாசம் வேற, சட்டம் வேற" என்றார் சுயம்புலிங்கம்.

அதற்குச் செல்லக்கனிதான் வழி கண்டாள். பெட்டியை ராக்கெட் பக்கத்திலேயே வைத்துவிடுவது. பதினைந்து மீட்டர் தள்ளி நின்று, முருங்கைக்காய் பறிக்கிற துரட்டிகளை ஒன்றோடொன்று கட்டிப் பொத்தானைக் குத்துவது. ஊரிலிருந்த துரட்டியெல்லாம் தேரிக்கு வந்தன. நுனி வளைந்து ஆடுகிற அந்த நீளக் கம்பை நாலு பேரும் வடம் பிடிப்பதுபோலப் பிடித்துக் குத்தினார்கள். முதல் முப்பத்தேழு குத்து மணலில் விழுந்தது. முப்பத்தெட்டாவது ஏவுமேடையைச் சாய்த்தது. முப்பத்தொன்பதாவது மிகச் சரியாகப் பொத்தானில் விழுந்தது.

சாய்ந்திருந்த ராக்கெட் சாய்ந்தபடியே சீறிப் போய், பொட்டலின் ஓரத்தில் நின்ற ஒற்றைப் பனையின் கொண்டையில் இரண்டு மட்டைக்கு நடுவே சொருகிக்கொண்டது. கீழே நின்று பார்த்தாலே இறக்கை தெரிந்தது. குடை கிழியவில்லை, குழாய் நசுங்கவில்லை.

சுயம்புலிங்கம் பேனாவை எடுத்தார். 'ஏவிய நேரம்' எழுதினார். அடுத்த கட்டம் 'தரையிறங்கிய நேரம்'. கை நின்றது.

"இன்னும் இறங்கலியே."

"இறங்கும் வே. எங்க போயிரும்?" என்றார் தலைவர்.

பதிவு முடியாமல் அடுத்த ராக்கெட்டை ஏவ முடியாது. ஆகவே முறை போட்டுக்கொண்டு பனைக்கடியில் உட்கார்ந்தார்கள். காலையில் செல்லக்கனி தையல் மெஷினையே அங்கே தூக்கி வந்து தைத்தாள்; மதியம் தவசிமுத்து; வெயில் தாழ சுயம்புலிங்கம், கையில் கடிகாரம், மடியில் பதிவேடு. இருபத்திரண்டு நாள் போயின. ராக்கெட்டுக்கு இறங்குகிற எண்ணமே இருப்பதாகத் தெரியவில்லை. ஊர்க்கமிட்டிக்காரர்கள் அந்தப் பக்கமாக நடந்துபோய், முந்திரிக் கன்றுக்குக் குழி எங்கே வெட்டலாம் என்று காலால் கோடு போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் போனதும் சுயம்புலிங்கம் அந்தக் கோடுகளைக் காலால் அழித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் வர மூன்றே நாள்தான் இருந்தது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். பனையேறி இசக்கியப்பனையும் கூப்பிட்டார்கள்.

"இதுக்கா இம்புட்டு நாளா உக்காந்திருக்கிய?" என்றான் இசக்கியப்பன். "ரெண்டு நிமிசத்துல ஏறி எடுத்துத் தாரேன்."

"தொட்டுராதேயும்!" என்று அலறினார் சுயம்புலிங்கம். "நீரு கொண்டாந்தா அது நீரு இறங்குன கணக்கு. பிறகு பதிவேட்டுல உம்ம எடை, உம்ம நீளம், நீரு எந்த மருந்துல மேல போனீருன்னு எல்லாம் எழுதணும்."

"நான் பழஞ்சோத்து நீச்சத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போவேன்."

"அதுக்குக் கட்டம் இல்ல."

எல்லோரும் யோசித்தார்கள். செக்கடிவிளையில் யோசிப்பது கண்ணுக்குத் தெரியும், நெற்றியில் வேர்க்கும். கடைசியில் தலைவர் மைக்கில் பேசுவதுபோல எழுந்து நின்றார்.

"ராக்கெட்டு தரைக்கு வர மாட்டங்கு. சரி. அப்போ தரை ராக்கெட்டுக்குப் போகட்டும்."

சுயம்புலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு பெரிய மூளையோடு ஒரே ஊரில் பிறந்தோமே என்று நினைத்தார்.

இசக்கியப்பன் ஓர் ஓலைப்பெட்டி நிறைய தேரி மணலைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறினான். ராக்கெட்டை விரலால்கூடத் தொடாமல், மட்டை இடுக்கில் அதன் அடியில் மணலைக் கொட்டித் தட்டி அணைத்தான். கீழிருந்து நாலு பேரும் கைதட்டினார்கள். சுயம்புலிங்கம் எழுதினார்: 'தரையிறங்கிய நேரம் காலை 10.20. தரையின் உயரம் நாற்பது அடி.' குடை விரியாததால் பதிவு தோல்விப் பத்தியில்தான் முடிந்தது.

"என் ஆயுசுல பதநி இறக்கியிருக்கேன், நுங்கு இறக்கியிருக்கேன்" என்றான் கீழே வந்த இசக்கியப்பன். "தரைய ஏத்துனது இதான் மொத தடவ."

அவன் போன கொஞ்ச நேரத்தில் தேரிக் காற்று ஒரு வீச்சு வீசியது. ராக்கெட் மட்டையிலிருந்து நழுவி, தொப்பென்று சுயம்புலிங்கத்தின் காலடியில் விழுந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. பதிவு முடிந்த ராக்கெட், அதற்கு இனி என்ன மரியாதை?

ஞாயிற்றுக்கிழமை காலை மேற்பார்வையாளர் கிருபாகரன் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் பை, முகத்தில் நல்ல மனிதருக்குரிய களை. அது கொஞ்ச நேரந்தான் இருந்தது. அவர் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். ஓர் இடத்தில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"தரை எப்படிங்க நாற்பது அடி உயரத்துல இருக்கும்?"

"நாங்கதான் ஏத்துனோம் சார்" என்றார் தலைவர் அடக்கத்தோடு.

கிருபாகரன் பதிவேட்டை மூடினார். ஒன்றோடொன்று கட்டிக் கிடந்த துரட்டிகளைப் பார்த்தார். பையிலிருந்து இருபது மீட்டர் வயர்ச் சுருள் ஒன்றை எடுத்துத் தவசிமுத்துவிடம் கொடுத்தார். பெட்டியை இவ்வளவு தூரத்தில் வைக்கலாம் என்று காட்டினார். நாலு பேரும் சுருளைச் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வயர் நீளமாகவும் கிடைக்கும் என்பதை அதுவரை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

"இன்னைக்கு ஒண்ணு ஒழுங்காப் பறந்துட்டாப் போதும்" என்றார் அவர். "நான் அங்கீகாரத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போய்டுறேன்."

சுயம்புலிங்கம் வெற்றிப் பத்தியை ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டார். பட்டியலை வாசித்தார். குடை காய்ந்திருந்தது, டிக் இப்போது காகிதத்தில் விழுந்தது, தவசிமுத்து பேண்ட் போட்டிருந்தான். எல்லோரும் பதினைந்து மீட்டருக்கு அப்பால், ஒரு மேசையைச் சுற்றி நின்றார்கள். பத்தொன்பது அம்சம் முடிந்தது. இருபதாவதை அவர் நிறுத்தி வாசித்தார்: 'ஏவும் அதே கணத்தில், அங்கிருக்கும் அனைவரும் பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக் கையொப்பமிட வேண்டும்.'

"அதை அப்புறமாப் போட்டுக்கலாம்" என்றார் கிருபாகரன்.

"'அதே கணத்தில்'னு உங்க ஆபீஸ்லதான் சார் அடிச்சு அனுப்பியிருக்காவ."

அந்த வரியை அடித்ததே கிருபாகரன்தான் போலும். பேனாவைத் திறந்தார்.

மேசையில் ஒரே பதிவேடு, அதன் மேல் ஐந்து பேனா, ஐந்து தலை. தவசிமுத்து இடது கையைப் பொத்தானில் வைத்துக்கொண்டு வலது கையில் பேனா பிடித்தான். பத்து, ஒன்பது, எட்டு என்று தலைவர் எண்ணி இறங்கினார். பூஜ்யம் என்றதும் ஐந்து பேரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். செல்லக்கனியின் தலை கிருபாகரன் நெற்றியில் இடித்தது. 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. யாரும் கையெழுத்தை நடுவில் நிறுத்தவில்லை. தலைவர் பெயர் கொஞ்சம் நீளம் வேறு.

நிமிர்ந்து பார்த்தால் ஏவுமேடை காலியாக இருந்தது.

"ராக்கெட்ட எங்க?" என்றாள் செல்லக்கனி.

"இங்கதான இருந்திச்சு" என்றான் தவசிமுத்து.

"சந்தேகமே இல்ல" என்று முழங்கினார் தலைவர். "நாம குனிஞ்ச நேரம் பாத்து எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான்."

"ஐயா, அது பறந்துடுச்சு!" என்றார் கிருபாகரன். நெற்றியைத் தடவிக்கொண்டே வானத்தைக் காட்டினார். "மேல போயிருக்கு. வெற்றின்னு எழுதுங்க."

சுயம்புலிங்கம் வானத்தைப் பார்த்தார். வெயில் கண்ணில் குத்தியது, ஒன்றும் தெரியவில்லை. சிவப்புக் கோடு போட்ட பத்தியில் பேனா முனையை வைத்தார். இத்தனை நாள் ஏங்கிய இடம்.

"சார், போனத நீங்க கண்ணால பாத்தியளா?"

"நான் கையெழுத்துப் போட்டுட்டு இருந்தேனே!"

"நானும் பாக்கல. பாக்காதத எப்படி சார் எழுதுவேன்?" சுயம்புலிங்கம் பேனாவைப் பக்கத்துப் பத்திக்கு நகர்த்தினார். தோல்வி என்ற தலைப்புக்குக் கீழே, எழுத்து நனையாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: 'ஏவும் நேரத்தில் ராக்கெட் களவு போனது.'

"புகை பாத்தீங்களா, புகை?" கிருபாகரன் மேடையைக் காட்டிக் கத்தினார். "அந்த இடத்துல இன்னும் நிக்குதே!"

தலைவர் போய் மோந்து பார்த்துவிட்டு வந்தார். "பீடி. களவாணி பீடி குடிக்கிற ஆளு."

அவ்வளவுதான். தவசிமுத்து உடைமரப் புதருக்குள் கம்போடு பாய்ந்தான். தலைவர், இப்போது ஒப்படைத்தால் போலீசுக்குப் போக மாட்டோம் என்று நாலு திசைக்கும் அறிவித்தார். கிருபாகரன் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் வானத்திலிருந்து அது வந்தது. செல்லக்கனி தைத்த மஞ்சள் குடை முழுசாக விரிந்திருக்க, அதன் அடியில் ராக்கெட் தொட்டில் பிள்ளைபோல ஆடிக்கொண்டு, ஒரு கீறலும் இல்லாமல் ஏவுமேடைக்கு நாலடி தள்ளி மணலில் உட்கார்ந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி" என்றாள் செல்லக்கனி. "களவாணியா இருந்தாலும் மனசாட்சி இருக்கு. அடிபடக் கூடாதுன்னு குடைய விரிச்சு அனுப்பியிருக்கான்."

"தூக்கிப் போட்ட கையி நல்ல கையி" என்று ஒப்புக்கொண்டார் தலைவர். வானத்தை நோக்கி ஒரு கும்பிடும் போட்டார்.

கிருபாகரன் நாலு முகத்தையும் பார்த்தார். அங்கீகாரக் கடிதத்தை எடுத்து முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷத்துக்கென்று இருந்ததை அடித்து, பத்து வருஷம் என்று திருத்தினார். அதற்குள் மறுபடி இந்த ஊருக்கு வர வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருப்பார். வயர்ச் சுருளைக்கூடக் கேட்காமல் பஸ் ரோட்டைப் பார்க்க வேகமாக நடந்தார்.

பொட்டல் மன்றத்துக்கே நிலைத்தது. முந்திரிக் கன்றுகளை ஊர்க்கமிட்டி வேறு பக்கம் கொண்டுபோனது. ஆனால் நல்ல களவாணி ஒருத்தன் இருந்தால் கெட்டவன் பத்துப் பேர் இருப்பான் என்று சுயம்புலிங்கத்துக்குக் கவலை. பட்டியலில் இருபத்தோராவது அம்சத்தை அவரே தன் கைப்பட எழுதிச் சேர்த்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், ஏவுவதற்கு முன்னால் ராக்கெட்டை ஏவுமேடையோடு சேர்த்து இரும்புச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள். சாவி தலைவர் இடுப்பில். பத்திலிருந்து எண்ணிப் பொத்தானை அழுத்திவிட்டு எல்லோரும் குனிந்து கையெழுத்துப் போடுகிறார்கள். ராக்கெட் சீறுகிறது, துள்ளுகிறது, மேடையோடு மணலில் புரண்டு புரண்டு அடங்குகிறது. நிமிர்ந்து பார்த்தால் அங்கேயே இருக்கிறது. இதுவரை ஒன்றுகூடக் களவு போகவில்லை என்று சுயம்புலிங்கம் வெற்றிப் பத்தியில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறார்.